பிரியாணி சொல்றதுக்கு முன்னாடி

ஊரப்பாக்கத்துல ஸ்டேஷனாண்ட ஒரு ஃபிளாட்டு வேலை நடந்துகினு கீது. போன மாசம் அங்க புதுசா ஒரு இன்ஜினீயர் வந்தாரு. நல்லா படிச்ச புள்ள. ஹெல்மெட்டு புதுப் பாத்திரம் மாதிரி பளபளன்னு மின்னுது. வந்த மொத நாளே எங்க அல்லாரையும் ஷெட்டுல சேர் போட்டு குந்த வெச்சாரு. குந்த வெச்சிட்டு, "நாளன்னிக்கு ரூஃப் போடறோம், பிரியாணிக்கு சொல்லியாச்சு. யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"ன்னாரு.

நாங்க பழைய ஆளுங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினோம். எலக்ட்ரீசியன் சேட்டு எந்திரிச்சி, "சார், பிரியாணிய மொதல்ல சொன்னா ஹில்டாம்மாவுக்குப் புடிக்காது"ன்னான். அந்தப் புள்ள சிரிச்சிக்கினே, "யாரு? ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தாங்களாமே, அந்தம்மாவா?"ன்னுது.

எனக்கு வந்துதே கோவம்! டைப்பிஸ்ட்டாம்! எனக்கு மூக்கு மேல கோவம்னு என் பொண்டாட்டியே ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. ஆனா இது அந்தக் கோவம் இல்ல. இந்த ஏரியாவுல கட்டட வேலையில கூட்டம் போடறதுன்னா இன்னான்னு எங்களுக்குக் காட்டுனதே அந்தம்மாதான். அவங்கள ஒரு வார்த்தையில டைப்பிஸ்ட்டுன்னு முடிச்சா நான் சும்மா கீறதா? அன்னிக்கு அந்தப் புள்ளைக்கு சொன்ன கதையத்தான் உங்களுக்கும் சொல்றேன், கேளுங்க.

நான் பொன்னுரங்கம். சென்ட்ரிங் மேஸ்திரி. அப்படின்னா, ரூஃபு போடறதுக்கு முன்னாடி கீழ சவுக்குக் கழியில முட்டுக் குடுத்து, மேல பலகை அடிச்சித் தர்றவன். அந்தப் பலகை மேலதான் கம்பி கட்டி கான்கிரீட்டு கொட்டுவாங்க. அது காஞ்சி கெட்டியாவற வரிக்கும் மொத்த ரூஃபும் என் முட்டு மேலதான் நிக்கும். பெருங்களத்தூரு, பீர்க்கன்கரணை, முடிச்சூரு, இந்தப் பக்கம் எத்தினியோ வூடுங்க மொதல்ல என் முட்டுல நின்னு, அப்பாலதான் சொந்தக் கால்ல நின்னுச்சு. பெருமைக்கு சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இன்னா இப்போ?

ஹில்டாம்மா கிழக்குத் தாம்பரம். அவங்கப்பா இஸ்கூல் வாத்தியாரு. வூட்டுக்காரரு சுந்தர்சிங் ரயில்வேல வேலை, பரம சாது. இந்தம்மா பேசிக்கினே கீறப்போ அவரு சத்தமில்லாம உள்ள போயி காபி போட்டு எடுத்தாருவாரு. டைப்பு, ஷார்ட்ஹேண்டு ரெண்டும் பாஸ் பண்ணிட்டு, எண்பத்தாறோ ஏழோ, சுந்தரராமன் சார்கிட்ட வேலைக்கு சேந்தாங்க. சுந்தரராமன் சார்தான் எங்க காண்ட்ராக்டர். மேற்குத் தாம்பரத்துல ஆபீசு. தங்கமான மனுசன். ஆனா அவரு பேச ஆரம்பிச்சா பக்கத்துல கூட்ஸ் வண்டி போனாக்கூட நிறுத்த மாட்டாரு. சைட்டுல வாராவாரம் கூட்டம் போடுவாரு. அவரே பேசுவாரு, அவரே முடிவு பண்ணுவாரு, அவரே "சரிதானே?"ன்னு கேப்பாரு. நாங்க தலைய ஆட்டிட்டு டீ குடிச்சிட்டு வந்துருவோம். அந்தப் பேச்ச எழுதிக்கினு போயி டைப் அடிக்கிறதுதான் ஹில்டாம்மா வேலை.

அப்போ சேலையூர்ல செல்வமேரி டீச்சருக்கு ஒரு வூடு கட்டுனோம். ரூஃபுக்கு மொத நாளு கூட்டம். சார் வந்ததும் வராததுமா, "நாளைக்கு ரூஃப். டீச்சர் பிரியாணிக்கு சொல்லிட்டாங்க"ன்னாரு. ரூஃப் போடற அன்னிக்கு ஓனரு பிரியாணி போடணும், அது எங்க தொழில்ல எழுதாத சட்டம். கான்கிரீட்டு தூக்கற பொம்பளைங்க தாங்க துன்னதுல மீதிய வூட்டுல புள்ளைங்களுக்கும் கட்டிக்கினு போவாங்க. ஒரு வாரமா அந்தப் பேச்சுதான் ஓடிக்கினு இருக்கும். இங்க சேட்டுக்கு பாருங்க, ரெண்டு ரூம்ல லைட்டு ஒயரு போற பைப்பு போடாம பாக்கி கீது. கான்கிரீட்டு கொட்டுறதுக்கு முன்னாடி அத்த போட்டாவணும். அந்தக் கூட்டத்துல எந்திரிச்சி "என் வேலை முடியல"ன்னா இன்னா ஆவும்? ரூஃபு தள்ளிப்போவும், பிரியாணி தள்ளிப்போவும், அத்தினி ஜனமும் அவன கொலகாரன் மாதிரி பாக்கும். சேட்டு வாயில கொழுக்கட்டைய வெச்சா மாதிரி குந்திக்கினு இருந்தான்.

ரூஃபு போட்டாச்சு. பிரியாணி துன்னாச்சு. அப்பால சேட்டு உளியும் சுத்தியும் எடுத்துக்கினு புது ரூஃப கீழேர்ந்து கொத்துறான், தலையில தூளா கொட்டுது. செல்வமேரி டீச்சரு அத்த பாத்துட்டு அங்கியே அழுதுட்டாங்க. ஆசையா கட்டுன வூடாச்சே. மழை வந்ததும் சொல்லி வெச்சா மாதிரி கொத்துன எடத்துல ஒழுகுச்சு. சார் சேட்ட நிக்க வெச்சி கிழி கிழின்னு கிழிச்சாரு.

அப்போதான் ஹில்டாம்மா நோட்ட மூடிட்டு சொன்னாங்க, "சார், அந்த ரூஃப சேட்டு கெடுக்கல. பிரியாணி கெடுத்துடுச்சு. நீங்க அதை முதல்ல சொன்னதும் இங்க எல்லாருக்கும் வாய் அடைச்சுப் போச்சு."

சாருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "ஓஹோ! அப்போ அடுத்த சைட்ல மீட்டிங்கை நீங்களே நடத்துங்களேன். ஒழுங்கா ரூஃப் போட்டுக் காட்டினா உங்களையே சைட் கோஆர்டினேட்டரா போடறேன். சொதப்பினீங்கன்னா பேசாம டைப் மிஷின் முன்னாடி போய் உக்காந்துக்கணும். அப்புறம் சைட் பக்கம் வரவே கூடாது"ன்னாரு. குத்தலாத்தான் சொன்னாரு. அந்தம்மா, "சரி சார்"ன்னுட்டாங்க. எனக்கே தூக்கிவாரிப்போட்டுது.

அப்பால தனியா கேட்டேன், "இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? நெழல்ல குந்திக்கினு டைப் அடிச்சமா, அஞ்சு மணிக்கு வூட்டுக்குப் போனமான்னு கீறதை வுட்டுட்டு?" அதுக்கு அவங்க, "மத்தவங்க சொன்னதையே அடிச்சிட்டிருக்க அலுத்துப் போச்சு மேஸ்திரி. எனக்கும் சொல்றதுக்கு ஏதோ இருக்கு"ன்னாங்க. சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. அன்னிலேர்ந்து எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு இது. இந்தம்மா ஜெயிக்கணும்டா சாமின்னு.

அடுத்த சைட்டு பீர்க்கன்கரணை ஏரிக்கரையாண்ட ஒரு கல்யாண மண்டபம். ஓனரு ஞானையா, ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டரு. பொண்ணு பியூலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. அந்தக் கல்யாணத்த தன்னோட சொந்த மண்டபத்துலயே நடத்தணும்னு மனுசன் ஒத்தக் கால்ல நிக்கிறாரு. தெனமும் காலைல வந்து, "எப்போய்யா ரூஃப்?" சாயங்காலம் வந்து, "எப்போய்யா ரூஃப்?" வேற பேச்சே கெடையாது.

ஹில்டாம்மா மொத கூட்டத்துக்கு வந்தாங்க. வந்ததும் ஷெட்டுல இருந்த சேரையெல்லாம் எடுத்து மடக்கி வெச்சிட்டாங்க. "வேலை நடக்கிற இடத்துக்கே போய் நின்னு பேசலாம்"ன்னாங்க. எனக்கு செம கடுப்பு. நிக்க வெச்சி கேள்வி கேக்க இது இன்னா இஸ்கூலா? வாய வுட்டு கேட்டும்புட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க. "மேஸ்திரி, எங்க சர்ச்சுல பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் செக்ரட்டரி. ஜெபத்தோட ஆரம்பிச்சு, ஹாலுக்குள்ள உக்காந்து மணிக்கணக்கா பேசுவோம். ஒண்ணும் ஆகாது. கூட்டம் முடிஞ்சு வாசல்ல செருப்பு மாட்டும்போதுதான் ஒவ்வொருத்தியும் உண்மையைச் சொல்லுவா. 'அந்தம்மாகிட்ட சமையலைக் குடுக்காதீங்க, போன தடவை உப்பு அள்ளிப் போட்டுட்டா'ன்னு. அதான் நான் கூட்டத்தையே செருப்பு மாட்டுற இடத்துக்கு மாத்திட்டேன்." இத்த கேட்டு சேட்டு சிரிச்ச சிரிப்புல சாரமே ஆடிப்போச்சு.

அப்பால யாரு மொதல்ல பேசறதுன்னு வந்துது. வழக்கப்படி சார் தொண்டைய கனைச்சாரு. "சார், நீங்க கடைசி"ன்னாங்க ஹில்டாம்மா. "முதலாளி பேசினதுக்கு அப்புறம் யாரு சார் மாத்திப் பேசுவாங்க? கான்கிரீட் கொட்டினா எவன் வேலை மூடிப்போகுமோ அவன் முதல்ல பேசட்டும்." ஆக மொதல்ல சேட்டு, அப்பால கம்பி கட்டுறவரு, அப்பால நானு. அப்பால தனம். கான்கிரீட்டு தூக்கற பொம்பளைங்களுக்கு மேஸ்திரி அவ. கட்டட வேலைக்கு வந்து புள்ள பெத்து பேரன் எடுத்தவ, ஒரு கூட்டத்துக்கும் அவள யாரும் கூப்டது கெடையாது. "மேல ஏறி நிக்கப் போறது அவங்க. அவங்களைக் கேக்காம எப்படி?"ன்னாங்க ஹில்டாம்மா. தனம் முந்தானைய இழுத்து சொருவிக்கினு வந்து நின்னா பாருங்க, கலெக்டரு தோத்தாரு!

'ஆயிடும் சார்'னு ஒரு பேச்சு கீதே, எங்க தொழில்ல சாமி பேரவிட அத்ததான் அதிகமா சொல்லுவோம். சேட்டு வாயத் தொறந்ததும் அதான் வந்துது. ஹில்டாம்மா கோச்சுக்கல. "எந்த இடம்? வாங்க, காட்டுங்க"ன்னு கூடவே நடந்தாங்க. அங்க போயி பாத்தா பைப்பு போட வழியே இல்லாம கம்பி அடுக்கி வெச்சிருக்கு. கம்பிக்காரரும் பக்கத்துலயே நிக்கிறாரு. "அட, எங்கிட்ட சொல்லக் கூடாதா?"ன்னு நகத்திக் குடுத்தாரு. ஒரு பீடி புடிக்கிற நேரத்துல முடிஞ்சிபோச்சு. சேலையூர்ல இந்த ரெண்டு பேரும் இதே மாதிரி நின்னு பேசியிருந்தா டீச்சரம்மா அழுதிருக்க மாட்டாங்க.

கடைசியா ஒரு கண்டிஷன் போட்டாங்க. ரூஃப் போடற நாளு காலையிலயும் மேல நின்னு ஒரு கூட்டம். அல்லாரும் அவங்கவங்க எடத்தக் காட்டி 'ஆச்சு'ன்னு சொன்ன பொறவுதான் பிரியாணி. அதுக்கு முன்னாடி அந்தப் பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. "காலையில சொன்னா பிரியாணி போடற பாய் மத்தியானத்துக்குள்ள ஆக்கிடுவாரு, நான் கேட்டுட்டேன்"ன்னாங்க. ஞானையா சாரும் சரின்னு மண்டைய ஆட்டுனாரு. ஆட்டுன மண்ட அவருது, ஆனா ஆசை கேக்குமா?

ரூஃப் நாளு வந்துது. ஐப்பசி மாசம். மொத நாளு நைட்டு திடீர்னு மழை புடிச்சி ஊத்தித் தள்ளிடுச்சு. விடிஞ்சும் விடியாம நான் சைட்டுக்கு ஓடுறேன். அங்க பாத்தா, ஓரமா அடுப்பு மூட்டி, பாய் பிரியாணி டேக்சாவ ஏத்தி வெங்காயம் வதக்கிக்கினு கீறாரு! ஞானையா சாரு யாரையும் கேக்காம முந்தின நாளே ஆட்ட வெட்டச் சொல்லிட்டாரு. சம்பந்தி வூட்டு ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க. ஜெபம் பண்ண பாஸ்டரு லாசரஸ் ஐயா வந்து மேல ஏறி நின்னுட்டாரு. மிக்சர் மிஷின் வந்தாச்சு. தனமும் அவ ஆளுங்களும் தலையில சும்மாடு கட்டிக்கினு நிக்கிறாங்க. வாசனை ஏரியத் தாண்டிப் போவுது.

நான் நேரா கீழ போயி என் முட்டுங்களப் பாத்தேன். உள்ளாற நல்லாத்தான் கீது. ஏரிப் பக்கம் போனேன். கால வெச்சா தண்ணி ஊறுது. தரையே கூழாயிடுச்சு. முட்ட தட்டுனா கிண்ணுன்னு நிக்கணும், அங்க ரெண்டு வரிசை லேசா நெளியுது. பாக்கறதுக்கு ஒண்ணியும் தெரியாது. நேரா சிப்பாய் மாதிரிதான் நிக்குது. மேல கான்கிரீட்டு ஏறுனா அந்த மூலை இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். ஹில்டாம்மா பொழப்பு இந்த ரூஃபுலதான் தொங்குது. நான் 'இல்ல'ன்னா அந்தம்மா திரும்ப மிஷினுக்குப் போவணும். 'ஆச்சு'ன்னா தனம் ஆளுங்க அந்த மூலையில ஏறணும்.

மேல கூட்டம் ஆரம்பிச்சுது. சேட்டு காட்டுனான், ஆச்சு. கம்பிக்காரரு காட்டுனாரு, ஆச்சு. சார் கைக்கடியாரத்தப் பாத்துக்கினே கீறாரு. ஹில்டாம்மா எம்பக்கம் திரும்பி, "மேஸ்திரி, உங்க இடம்?"ன்னாங்க. அவசரமே இல்லாம, பிரியாணி வாசனையே மூக்குல ஏறாத மாதிரி கேட்டாங்க. நான் சொல்றதுக்கு எவ்ளோ நேரமானாலும் அந்தம்மா நிப்பாங்கன்னு தோணிச்சு. அந்த தைரியத்துலதான் சொன்னேன்.

"இன்னும் ஆவலைம்மா. ஏரிப் பக்கம் ரெண்டு வரிசைய நம்ப முடியாது. வாங்க, காட்டறேன்."

அவ்ளோதான். ஒரே கூச்சல். "நேத்திக்கு ஆச்சுன்னீங்களே மேஸ்திரி!"ன்னு சார் கத்துறாரு. "நேத்து ஆச்சு சார், நைட்டு பேஞ்சுதே!"ன்னேன். ஞானையா சாரு, "ஆட்டை வெட்டியாச்சுய்யா! சம்பந்தி வந்து நிக்கிறாங்கய்யா!"ன்னு குதிக்கிறாரு. சார் ஹில்டாம்மாகிட்ட வந்து கொரல தாழ்த்தி, "இன்னும் பத்து முட்டு குடுத்துட்டு ஆரம்பிச்சுடலாம். இன்னிக்கு நிறுத்தினா உங்க கதி என்னன்னு ஞாபகம் இருக்கில்ல?"ன்னாரு. தாழ்த்துனாலும் அவரு கொரலாச்சே, அல்லாருக்கும் கேட்டுது.

அந்தம்மா சாரு பக்கம் திரும்புனாங்க. "ஞாபகம் இருக்கு சார். ஆனா உங்க முறை இன்னும் வரல"ன்னாங்க. சார் ரெண்டு அடி பின்னால போயி நின்னாரு. அப்பால அல்லாருக்கும் கேக்கற மாதிரி, "இன்னிக்கு ரூஃப் கிடையாது"ன்னாங்க.

"அப்போ பிரியாணி?" ஞானையா சாரு அழுதுருவாரு போலக் கீது.

"சாப்பிடலாம் சார். வந்தவங்களுக்கு விருந்துன்னு நினைச்சுக்கோங்க. சாப்பிட்டுட்டு எல்லாருமா சேர்ந்து அந்த மூலையை சரி பண்ணலாம்"ன்னாங்க. ரூஃபு போடாம பிரியாணி துன்ன சைட்டு, அதுவரிக்கும் நான் கேள்விப்பட்டது கெடையாது. தனம் கைய தட்டி, "அடி என் ராசாத்தி! வேலைக்கு முன்னாடியே சோறு போடற மவராசி நீதாம்மா!"ன்னா.

ஞானையா சாருக்கு மனசு ஆறல. "எல்லாம் சாக்கு! எங்கய்யா ஆடுது?"ன்னு வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு வேகமா கீழ எறங்கி ஏரிப் பக்கம் போனாரு. சாரும் நாங்களும் பின்னாடியே ஓடுறோம். போனவரு கடைசி வரிசையில ஒரு சவுக்குக் கழியப் புடிச்சி கோவமா ஒரு ஆட்டு ஆட்டுனாரு. சேத்துலேர்ந்து கீரைத்தண்டு வர்ற மாதிரி அது கையோட வந்துடுச்சு. மனுசன் கழியும் கையுமா அப்டியே நின்னுட்டாரு. மேல பாத்தாரு. அந்த மூலையில நேரா தலைக்கு மேல பாஸ்டர் ஐயா வேதபுத்தகத்தோட நிக்கிறாரு, பக்கத்துல பியூலா நிக்குது. "பியூலா, மெதுவா இந்தப் பக்கம் வாம்மா"ன்னாரு. பாஸ்டர் ஐயா அத்தவிட மெதுவா வந்தாரு.

பிரியாணி துன்னோம். கம்பிக்காரரு, சேட்டு, தனம் ஆளுங்க, அல்லாரும் ஏரிப் பக்கம் எறங்கி சேத்த வாரிப் போட்டோம். ஜல்லி கொட்டி இடிச்சி கெட்டியாக்கி, கனமான பலகைய படுக்கப் போட்டு, அதும் மேல புதுசா முட்டு நிறுத்துனேன். தட்டிப் பாத்தேன். கிண்ணுன்னுது. ஹில்டாம்மாவையும் தட்டிப் பாக்கச் சொன்னேன், தட்டிட்டு கொழந்த மாதிரி சிரிச்சாங்க. ஆனா சார் ஒரு வார்த்தை பேசாம கார் ஏறிப் போயிட்டாரு. அந்தம்மா முகம் வாடிப்போச்சு. "மிஷினுக்குப் புது ரிப்பன் வாங்கணும் மேஸ்திரி"ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போனாங்க.

ஒரு நாளு வுட்டு வெயில் அடிச்சுது. காலைல மறுபடியும் மேல கூட்டம். கீழ அடுப்பு இல்ல, டேக்சா இல்ல. ஞானையா சாரு ஓரமா கைய கட்டிக்கினு நிக்கிறாரு. சுந்தரராமன் சார் ஏறி வந்தாரு. எங்களையெல்லாம் தாண்டிப் போயி, வரிசையில கடைசியா தனத்துக்குப் பக்கத்துல நின்னுக்கினாரு. சேட்டு காட்டுனான், ஆச்சு. கம்பி ஆச்சு. ஹில்டாம்மா எம்பக்கம் பாத்தாங்க. நான் நெஞ்ச நிமித்திக்கினு சொன்னேன், "ஆச்சும்மா. மூலையில யான வந்து நின்னாலும் தாங்கும்." தனம், "என் ஆளுங்க ரெடி"ன்னா.

சார் முறை வந்துது. நாங்க அல்லாரும் அவரு வாயயே பாக்கறோம். அவரு கண்ணாடிய கழட்டி சட்டையில தொடச்சாரு. தொண்டைய கனைச்சாரு. அவரு எங்க கூட்டம் போட்டாலும் நீட்டிப் பேசறவராச்சே, இன்னிக்கு ஒரு மணி நேரம்டான்னு நெனைச்சேன்.

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாரும் சொல்லிட்டீங்க"ன்னாரு. அதுவரிக்கும் அந்தம்மாவ பேரச் சொல்லி மட்டுமே கூப்ட மனுசன், திரும்பி, எங்க அத்தினி பேரு முன்னாடியும், "கோஆர்டினேட்டர் மேடம், பிரியாணி சொல்லலாமா?"ன்னாரு.

ஹில்டாம்மா முந்தானையால கண்ணத் தொடச்சிக்கினாங்க. "சொல்லலாம் சார்"ன்னாங்க. தனம் ரெண்டு விரல வாயில வெச்சி ஒரு பிகில் அடிச்சா பாருங்க, கீழ மிக்சர் மிஷின்காரன் அதான் சிக்னல்னு நெனைச்சி மிஷின ஓட வுட்டுட்டான்.